கோரையும் குளக்கரையும்

கோரை என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் பகுதி உழவரின் முகம் சுளிக்கும். நெல்லுக்கு இட்ட உரத்தைத் தான் உண்டு, நெல்லை முந்தித் தலை நீட்டி, பிடுங்கப் பிடுங்க மறுபடியும் முளைக்கின்ற அந்தப் பூண்டின் மீது அவருக்குப் பரம்பரைப் பகை உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியைப் ‘பன்’ என்ற பெயரால் பாய் இழைக்கும் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மலரும். எந்தக் குளத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரம் வந்திருக்கிறது, வெட்ட விடுவார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். பட்டணத்துப் பூங்கன்றுக் கடையிலோ இக்குடும்பத்தின் மூன்றாவது உறவினர் வர்ணச் சாடியொன்றில் கொலுவீற்றிருக்கிறார். அவர் கழுத்தில் விலைச்சீட்டும் தொங்குகிறது. ஒரே குலத்தில் பிறந்த மூவரில் ஒருவர் பகைவர், ஒருவர் சோறு தருபவர், ஒருவர் அலங்காரம். இந்த மதிப்புகளை வகுத்தவர் யார்?

இக்கேள்வி எங்களுக்கு நூலகத்தில் எழவில்லை. வீட்டு வளவில் எழுந்தது. நாங்கள் இருவரும் பாடசாலை ஆசிரியர்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வாவி வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பட்டணமும் கடைத்தெருக்களும் பெரிய பாடசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. படுவான்கரையில் வயல்களும் குளங்களும் விரிந்து கிடக்கின்றன. எழுவான்கரையார் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு படுவான்கரையில் விளைவது. நாங்கள் படுத்துறங்கும் பாயும் அங்குள்ள குளக்கரைப் பன்னால் ஆனது.

மாலை வேளையில் பூமரம் வளர்ப்பது ஆசிரியர் வாழ்க்கையில் செலவு குறைந்த இன்பங்களுள் ஒன்று. ரோசாவும் அந்தூரியமும் எங்கள் மணலிலும் கச்சான் காற்றிலும் படும் பாட்டைப் பார்த்துச் சலித்து, வெயிலையும் வெள்ளத்தையும் ஒருங்கே தாங்கும் செடி எது என்று தேடினோம். அப்படித்தான் குடைக்கோரை எங்கள் படலைக்குள் வந்தது. விறைத்த பச்சைத் தண்டு. அதன் உச்சியில் குடைக்கம்பிகளைப் போல வட்டமாக விரிந்த இலைகள். மடகாஸ்கர் தீவும் ஆபிரிக்க நீர்க்கரைகளும் அதன் தாயகம். இன்று உலகெங்கும் வீட்டுத் தோட்டங்களில் வளர்கிறது.

கோரைக் குடும்பத்தில் ஏறத்தாழ 5,500 இனங்கள் இருப்பதாகத் தாவரவியலார் கணக்கிட்டுள்ளனர். புல்லைப் போலத் தோன்றினாலும் இவை புல் அல்ல. புல்லின் தண்டு உருண்டையானது; அதில் கணுக்கள் உண்டு; கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்ளீடு இராது. கோரைகளில் மிகப் பலவற்றின் தண்டு மூன்று பட்டை கொண்டது, கணு தென்படாது, உள்ளே பஞ்சு போன்ற வெண்ணிறச் சதை நிறைந்திருக்கும். ஒருநாள் மாணவர் சிலரை வளவுக்கு அழைத்து, ஒரு புல்லையும் ஒரு கோரையையும் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்கச் சொன்னோம். புல் உருண்டது, கோரை உருள மறுத்தது. சங்கப் பாடல்களில் சிறுமியர் கோரையால் பாவை செய்து விளையாடிய செய்தி வருகிறது. பைஞ்சாய்ப் பாவை என்பது அதன் பெயர். ‘சாய் என்பது ஒருவகைக் கோரை’ என்று மனனம் செய்து பரீட்சையில் புள்ளி பெற்ற பிள்ளைகள், அத்தகைய செடி கைக்கு எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தார்கள். வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு வாவிக்கரைச் செடி பாடநூற் சொல்லாகவே நின்றுவிடுமானால், அந்தக் கல்வியில் எது குறைகிறது என்று ஆசிரியராகிய நாம் கேட்டாக வேண்டும்.

குடைக்கோரை வளர்ப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. முற்றிய குடையொன்றை இரண்டு விரற்கடைத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக நீரில் மிதக்கவிட்டால், இரண்டு மூன்று வாரங்களில் இலைக் கக்கங்களிலிருந்து வேரும் தளிரும் புறப்படும். இயற்கையில் தண்டு சாய்ந்து சேற்றைத் தொடும் இடத்தில் நடப்பதையே நாம் ஒரு கிண்ணத்தில் நடத்துகிறோம். வேர் வந்ததும் மாட்டெருவும் வண்டலும் கலந்த மண்ணில் நட்டு, சாடியை நீர்த் தட்டில் வைக்க வேண்டும். மற்றப் பூமரங்கள் வேரில் நீர் தேங்கினால் அழுகும். இது நீர் வற்றினால் வாடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இதற்கு உகந்தவை. பழுத்த தண்டை நடுவில் வெட்டாமல் அடியோடு வெட்ட வேண்டும். புதுத் தண்டு மண்ணுக்குள் கிடக்கும் கிடைத்தண்டிலிருந்தே எழும். ஓரிரு ஆண்டில் சாடி நிறைந்துவிடும். மாரி மழை தொடங்கும்போது முழுச் செடியையும் கிளப்பி, கூரிய கத்தியால் பிளந்து, வெளிப்புறத்து இளம் பகுதிகளை மீண்டும் நடலாம். நடுவிலுள்ள முதிர்ந்த பகுதி கூட்டெருவுக்கு உதவும்.

எங்கள் பகுதியில் இரண்டு விடயங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது உப்பு. வாவி நீர் உவர்நீர். கோடையில் மழையற்றுக் கச்சான் வீசும் மாதங்களில் கரையோரக் கிணறுகளிலும் உவர் ஏறும். அந்த நீரையே தொடர்ந்து ஊற்றினால் இலை நுனிகள் தீய்ந்து பழுப்பாகும். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்து, இடையிடையே சாடி மண்ணில் நிறைய ஊற்றி உப்பை வடியவிட்டால் செடி தெளிவு பெறும். இரண்டாவது நுளம்பு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில் பெருகி, எங்கள் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் சிறகு பெற்றுவிடும். ஆகவே நீர்த் தட்டை வாரத்தில் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரிய தொட்டியானால் கப்பி மீன்கள் சிலவற்றை விடலாம். தன் வீட்டு அழகுக்காக அயல்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

குடைக்கோரையின் நெருங்கிய உறவு நைல் நதிக்கரையின் பப்பைரசு. அதுவும் இன்று பல நாடுகளின் பூங்காத் தடாகங்களில் அலங்காரமாக நிற்கிறது. நான்கு மீற்றருக்கு மேலும் உயரக்கூடியது. அதன் உட்சதையை நாடாக்களாக அரிந்து, நெடுக்கும் குறுக்குமாக இரண்டு படையாக அடுக்கி, அழுத்தி உலர்த்தியே பண்டைய எகிப்தியர் எழுதுதாள் செய்தனர். ஆங்கிலத்தில் தாளைக் குறிக்கும் ‘பேப்பர்’ என்ற சொல் இச்செடியின் பெயரிலிருந்து பிறந்தது. செங்கடற் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு அறிஞர் பியர் தலே தலைமையிலான குழு 2013ஆம் ஆண்டில் சில பப்பைரசுச் சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பப்பைரசுகளுள் இதுவரை கிடைத்தவற்றில் அவையே மிகப் பழையன. வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு. அத்தனை பழைய தாளில் அரசனின் புகழ்மாலை எழுதப்பட்டிருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். எழுதப்பட்டிருந்ததோ மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பு. அவருடைய குழுவினர் தூராவின் கற்சுரங்கத்தில் சுண்ணாம்புக் கற்களை எந்நாளில் படகேற்றினர், கீசாவின் பெரிய பிரமிட்டு வேலைத்தலத்துக்கு எந்நாளில் கொண்டு சேர்த்தனர் என்ற கணக்கு. மன்னன் குஃபுவின் பெயரைப் பிரமிட்டு சொல்கிறது. கல் கொண்டு வந்தவர்களின் நாட்களைக் கோரை சொல்கிறது.

அலங்காரச் செடி வளவுக்குள் இருக்கும்வரையே அலங்காரம் என்பதையும் மறக்கலாகாது. ஆகாயத்தாமரை என்றும் ஆற்றுவாழை என்றும் சொல்லப்படும் நீர்ச்செடி, அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1909இலேயே அதை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் இயற்றிய ஆட்சி போய்விட்டது, செடி போகவில்லை. இன்றும் எங்கள் நீர்நிலைகளை அது மூடுகிறது. ஆகவே குடைக்கோரையை வாவி ஓரத்திலோ குளத்திலோ நடுவதும், வெட்டிய குடைகளை வாய்க்காலில் வீசுவதும் கூடாது. களைகளின் கொடுமையை வரிசைப்படுத்திய நூலொன்று 1977இல் வெளியானபோது அதில் முதலிடம் பெற்றது கோரைக்கிழங்குதான். சங்கிலி போலக் கிழங்கோடு கிழங்கு தொடுத்து நிலத்துக்குள் ஓடுவது அதன் வழக்கம். அதே கிழங்கை எங்கள் வைத்தியர் காய்ச்சலுக்கும் செரியாமைக்கும் மருந்தாக இடிக்கிறார் என்பது வேறு கதை.

இவ்வளவும் கற்றுக்கொண்டு, சாடிகளை விறாந்தை ஓரத்தில் வரிசையாக வைத்து நாங்கள் மகிழ்ந்திருந்த காலத்தில், படுவான்கரையிலிருந்து பாய் விற்கும் பெத்தா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுருட்டிய பாய்களை இறக்கி வைத்துவிட்டுச் சாடிகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“இதென்ன மனே, பன்னைக் கொண்டந்து சாடிக்குள்ள வச்சிருக்கீங்க?”

இது பிறநாட்டுச் செடி, அழகுக்கு வைத்திருக்கிறோம் என்று விளக்கினோம். பெத்தா குனிந்து ஒரு தண்டைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

“இதில நாரில்ல மனே. இழைச்சா ஒரு மாரிக்கும் தாங்காது. சும்மா பாத்திட்டு இருக்கத்தான் சரி.”

பிறகு விலையைக் கேட்டார். சொன்னோம். அந்தச் சாடியின் விலை அவருடைய பாயொன்றின் விலையைவிட அதிகம். பெத்தா சற்று மௌனமாக இருந்தார்.

“எங்கட பன்னுக்குச் சாடி ஒண்டும் வேணாம். தண்ணியும் சேறும் இருந்தாக் காணும். அந்தச் சேத்திலதான் இப்ப மண்ணைக் கொட்டிப்போட்டாங்க.”

அவருடைய ஊர்க் குளத்தின் தாழ்ந்த ஓரத்தில் அயலூர்ப் பெண்களும் கூடிப் பன் வெட்டுவது வழக்கமாம். அந்த ஓரம் இப்போது நிரப்பப்பட்டு வேலியும் அடைக்கப்பட்டுவிட்டது. இன்று அப்பெண்கள் தொலைவிலுள்ள குளங்களுக்குப் போகிறார்கள். போக முடியாதவர்கள் பன்னைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்குகிறார்கள். பாயை விற்றுவரும் காசில் ஒரு பங்கு, நேற்றுவரை நீரும் மண்ணும் இலவசமாகத் தந்த பொருளுக்கே போய்விடுகிறது.

ஒரு பாய்க்குப் பின்னாலுள்ள உழைப்பை எண்ணிப் பாருங்கள். இடுப்பளவு நீரில் நின்று வெட்டுவது, சுமந்து வருவது, வெயிலில் பரப்பிப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பது, நீளம் பார்த்துப் பிரிப்பது, தட்டையாக்குவது, சாயம் ஏற்றுவது, பிறகு நிலத்தில் குந்தியிருந்து நாட்கணக்கில் இழைப்பது. இடையே அடுப்பும் பிள்ளையும் ஆடும் மாடும் அழைக்கும். தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் பொதுவான கைவினை இது. இரு சமூகத்தாரையும் பிரித்து வைக்கப் பல கைகள் முயன்ற காலங்களிலும் பாயின் இழைமுறை பிரியவில்லை. ஆயினும் பாடசாலைப் பதிவேட்டில் ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தில் இப்பெண்களுக்கு எதிரே ‘இல்லை’ என்ற சொல்லே எழுதப்பட்டிருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். பிள்ளை அந்தப் பாயில் பிறந்து, அந்தப் பாயில் இருந்து படித்து, அந்தப் பாய் விற்ற காசில் கொப்பி வாங்கியிருக்கிறது. தாய்க்கோ தொழில் இல்லை!

அடுத்த முறை வந்தபோது, நாங்கள் கேட்டபடி, ஈரச் சாக்கில் சுற்றிய பன் கிழங்கொன்றைப் பெத்தா கொண்டுவந்து தந்தார். கிணற்றடியில் குளித்த நீரும் துவைத்த நீரும் ஓடித் தேங்கும் பள்ளத்தில் அதை நட்டோம். குருத்து சேற்றுக்கு மேலே நிற்க வேண்டும் என்றும், பிடுங்காமல் தாக்கத்தியால் அடியோடு வெட்டினால் மறுகா முளைக்கும் என்றும் சொல்லித் தந்தார். சாடிக் கோரைக்கு நாங்கள் நூலில் படித்த விதியும் பெத்தாவின் தாக்கத்தி அறிந்த விதியும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு மாரி கழிந்தபோது பன் பள்ளத்தை நிறைத்துவிட்டது. அங்கே எழுந்த நாற்றமும் அடங்கிவிட்டது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி கழிவுநீரை நீர்க்கரைச் செடிகளால் தூய்மையாக்கும் சோதனைகளைத் தொடங்கியபோது, அவர் பெரிதும் நம்பிய செடியும் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேர்களைச் சூழ வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. சிதைந்ததைச் செடி உணவாக்கிக் கொள்கிறது. அந்த முறை இன்று உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது.

கிணற்றடிப் பன்னைப் பெத்தாவுக்குக் காட்டி, வேண்டிய அளவு வெட்டிப் போகலாம் என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“இது ஒரு தலகாணிக்கும் காணாது மனே. பாய்க்குக் குளம் வேணும்.”

பல நூல்கள் விரித்துச் சொல்லும் ஒரு பொருளாதார உண்மை இந்த மூன்று சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. தனியொருவர் வளவில் எத்தனை அன்போடு வளர்த்தாலும் பொதுநிலத்தின் இழப்பை அது ஈடு செய்யாது. வயல் போடியாருக்கு; வயலில் உழைப்பு முல்லைக்காரருக்கு. இருவருடைய கணக்கிலும் சேராத சேற்று ஓரமே நிலமற்ற பெண்களுக்கு வாழ்வாக இருந்தது. அது எவருடைய காணி உறுதியிலும் எழுதப்படாத சொத்து. எழுதப்படாததால்தான் அதைப் பறிப்பதும் எளிதாயிற்று. வீடு கட்டவும் தெருப் போடவும் இடம் தேடுபவரின் கண்ணுக்கு அது ‘வெறும் புல் நிலம்’. அந்த வெறும் நிலம் மாரி வெள்ளத்தைத் தாங்கி வைக்கிறது, மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகிறது, பல குடும்பங்களுக்கு உலை ஏற்றுகிறது. அது மூடப்பட்டபின் வெள்ளம் வீட்டுக்குள் வந்து தன் பழைய இடத்தைக் கேட்கும்.

கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் இதையொத்த பாடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் நெய்யும் கோரைப்பாய் பட்டுத் துணியைப் போல மடியும் என்று புகழ் பெற்றது. தாமிரபரணி ஆற்று நீரில் கோரையை நாட்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்வார்கள். 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறிடத்துப் பாயை அப்பெயரில் விற்க இனி முடியாது, வரவேற்க வேண்டியதே. ஆயினும் பெயரைக் காக்கும் சட்டம் ஆற்றைக் காக்காது; கோரை நிற்கும் கரையையும் நெய்பவரின் கூலியையும் காப்பதற்கு வேறு முயற்சி வேண்டும். பத்தமடைக்கு ஆறு வேண்டும்; படுவான்கரைக்குக் குளம் வேண்டும்.

1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் கரையை வாரிக்கொண்டு போயிற்று. 2009இல் முடிந்த போர், அதற்கு முந்திய பல ஆண்டுகள், குளத்துக்குப் போகும் பாதைகளில் அச்சத்தை விதைத்திருந்தது. இவ்வளவுக்கும் பின்னர் பன் தானாகவே முளைத்தது; சேற்றுக்குள் கிடைத்தண்டு உயிரோடு கிடக்கும்வரை அதற்குச் சாவில்லை. மண் கொட்டி நிரப்பிய இடத்தில் மட்டும் அது முளைப்பதில்லை.

பெத்தாவின் ஊரில் மிஞ்சியிருக்கும் குளத்தோரத்தையேனும் அளந்து எல்லைக்கல் நடும்படி அவ்வூர்ப் பெண்கள் ஒரு மனு எழுதினார்கள். அதைச் செம்மையாகப் படியெடுக்கும் வேலை எங்களிடம் வந்தது. கையொப்பம் இட்டவர்களின் பெயர்களுக்கு எதிரே தொழில் என்ற இடத்தில் ‘பாய் இழைத்தல்’ என்று எழுதினோம். மனு உரிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையில் மாணவர் சிலர் தத்தம் ஊர்க் குளங்களைச் சுற்றி நடந்து, பன் எங்கே நிற்கிறது, எங்கே மண் கொட்டப்பட்டிருக்கிறது என்று வரைபடம் வரையத் தொடங்கியுள்ளனர். தமிழும் விஞ்ஞானமும் புவியியலும் ஒரே குளக்கரையில் சந்திக்கும் பாடம் அது.

மாரி தொடங்குகிறது, கோரையைப் பிளந்து நடும் பருவம் இது. வளவில் வளர்க்க விரும்பும் நண்பர்கள் வந்தால் குடைக்கோரையிலும் பன்னிலும் கன்று தருகிறோம். வரும்போது, உங்கள் ஊர்க் குளத்தின் ஓரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.